நேற்று நிறுத்திப் பார்த்தீர்களா?

நான் தமிழாசிரியை. திண்டுக்கல்லை அடுத்த சிற்றூர் ஒன்று என் பிறந்த ஊர். தமிழில் முதுகலைப் பட்டமும் கல்வியியல் பட்டமும் பெற்று, மத்தியப் பள்ளியில் பணியில் சேர்ந்தேன். 2018ஆம் ஆண்டு கோடை விடுமுறை முடியும் வேளையில் பணிமாறுதல் ஆணை வந்தது. மத்தியப் பிரதேசத்தின் தலைநகரான போபாலுக்குப் புறப்பட்டேன். உங்கள் பெற்றோர் ஒரு நாள் இரண்டு பெட்டிகளோடும் ஒரு முகவரிச் சீட்டோடும் தொடர்வண்டி ஏறியதைப் போலவே நானும் ஏறினேன்.

போபாலை ஏரிகளின் நகரம் என்பார்கள். அங்குள்ள பெரிய ஏரியின் கரையில் முதல் நாள் மாலை நின்றபோது, எங்கள் ஊர்க் குளமும் அதன் கரையிலுள்ள ஆலமரமும் நினைவுக்கு வந்து கண் கலங்கியது. அங்குள்ளோர் பேசும் இந்தி, நான் தேர்வுக்காகப் படித்த இந்தி அன்று. அவர்கள் ஒரு வேடிக்கையைச் சொல்லிச் சிரித்து முடித்த பின்னர்தான் எனக்கு அதன் பொருள் விளங்கும். அதற்குள் பேச்சு வேறிடம் போயிருக்கும். ஆசிரியர் அறையில் நான் ஒருத்தியே தமிழ் பேசுபவள். 'அயலார்' என்னும் சொல்லை எத்தனையோ செய்யுள்களில் கற்பித்திருக்கிறேன். அச்சொல்லின் பொருள் எனக்கு அங்கேதான் முழுமையாகப் புரிந்தது.

அப்பள்ளியில் ஆசிரியர் வட்டம் ஒன்று இருந்தது. சில சனிக்கிழமைகளில், மாணவர்கள் சென்ற பின்னர், இயற்பியல் ஆய்வகத்தில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். யாரேனும் ஒருவர் தாம் நம்பும் செய்தி ஒன்றையோ கேள்விப்பட்ட செய்தி ஒன்றையோ முன்வைப்பார். மற்றவர்கள் அதனை ஆராய்வார்கள். கரும்பலகையின் மூலையில் மூன்று வினாக்கள் எப்போதும் அழிக்கப்படாமல் இருக்கும்.

நாம் சொல்வது சரியாக என்ன?
அது நமக்கு எப்படித் தெரியும்?
அது தவறாக இருந்தால், தவறு என்று எப்படித் தெரியவரும்?

தேநீருக்காகவும் தனிமை தாங்காமலும்தான் நான் அங்கே போனேன். ஓராண்டுக்கு மேலாக ஒரு சொல்லும் பேசாமல் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தேன். அவர்கள் இயற்பியலும் உயிரியலும் கணக்கும் கற்பிப்பவர்கள். நானோ செய்யுளும் உரைநடையும் கற்பிப்பவள். காரணம் கேட்டு ஆராய்வது அவர்களுடைய தொழில், உணர்ந்து போற்றுவது என்னுடைய தொழில் என்று எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் தவறு என்று எனக்கு உணர்த்தியது ஓர் உலக்கை.

2019ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் வளையச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி ஆகிய பகுதிகளில் நெருப்பு வளையமாகவே சூரியன் தோன்றும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். குளிர்கால விடுமுறையில் நான் ஊரில் இருந்தேன். காலை எட்டு மணியளவில் கிரகணம் தொடங்கியது. என் தாயார் கூடத்தின் நடுவில் பித்தளைத் தாம்பாளத்தை வைத்து, அதில் மஞ்சள் கலந்த நீரை ஊற்றி, எங்கள் பாட்டி காலத்து உலக்கையை நட்டுவைத்தார். பிடித்த கையை மெல்ல எடுத்தார். உலக்கை நின்றது! கிரகணம் பிடித்திருக்கும் வரையில் உலக்கை தானே நிற்கும், கிரகணம் விட்டதும் சாய்ந்துவிடும் என்பது எங்கள் ஊரார் நம்பிக்கை. அக்கம்பக்கத்தார் எல்லாரும் வந்து பார்த்தார்கள். நான் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். என் உடல் சிலிர்த்தது உண்மை.

அன்று இன்னொன்றும் நிகழ்ந்தது. என் தந்தையார் நீரிழிவு உள்ளவர். விடியற்காலையில் வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டார். ஆனால் கிரகணம் விடும் வரையில் எதுவும் உண்ணக் கூடாது என்பதால் பட்டினியாக இருந்தார். பதினொரு மணியளவில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கைகள் நடுங்கின. நாக்குக் குழறியது. "கிரகணம் பிடித்துக்கொண்டது" என்றார் அத்தை. இன்னும் சிறிது நேரம்தான், விட்டுவிடும் என்று எல்லாரும் அச்சத்தோடு காத்திருந்தோம். பதினொன்றேகால் மணிக்குக் கிரகணம் விட்டது. தாயார் ஓடிப் போய்ப் பானகம் கரைத்துக் கொண்டுவந்து புகட்டினார். சிறிது நேரத்தில் தந்தையார் தெளிந்தார். கூடத்தில் பார்த்தோம். உலக்கை சாய்ந்து கிடந்தது.

விடுமுறை முடிந்து போபால் திரும்பினேன். வட்டம் கூடிய முதல் சனிக்கிழமையிலேயே நான் எழுந்து நின்றேன். எனக்குத் தெரிந்த இந்தியில், தட்டுத்தடுமாறி, நடந்ததை எல்லாம் சொன்னேன். உலக்கையின் படத்தையும் காட்டினேன். "உங்கள் நூல்களில் இல்லாதவையும் உலகத்தில் உண்டு" என்று முடித்தேன். ஒன்றரை ஆண்டு வாய்மூடி இருந்தவளுக்கு அன்று ஒரு நிமிர்வு வந்திருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. இயற்பியல் ஆசிரியை வங்காளத்தைச் சேர்ந்தவர், ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு மிக மெல்லிய குரலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கிரகணத்துக்கு முந்தின நாள் நிறுத்திப் பார்த்தீர்களா?"

நான் விடை சொல்லவில்லை. நிறுத்திப் பார்த்ததில்லை. என் தாயாரும் பார்த்ததில்லை. பாட்டியும் பார்த்திருக்க மாட்டார். கிரகணம் இல்லாத நாளில் வேலையற்று யார் உலக்கையை நிறுத்திப் பார்ப்பார்கள்?

உயிரியல் ஆசிரியர் அடுத்த கேள்வியைக் கேட்டார். "உங்கள் தந்தையார் கிரகணம் விட்டதால் தெளிந்தாரா, பானகம் குடித்ததால் தெளிந்தாரா? இரண்டும் ஒரே நேரத்தில் நடந்திருக்கின்றனவே, எதனால் என்று எப்படிப் பிரித்தறிவீர்கள்?" சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையை உண்டுவிட்டு உணவு உண்ணாமல் இருந்தால், சிலருக்கு இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்துவிடும் என்றும், வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல் ஆகியவை அதன் அறிகுறிகள் என்றும், காத்திருப்பது ஆபத்து என்றும் அவர் விளக்கினார்.

மூன்றாவது கேள்வி ஆய்வக உதவியாளரிடமிருந்து வந்தது. கூட்டத்துக்குத் தேநீர் கொண்டுவந்த அந்தப் பெரியவர், "மேடம், எல்லாரும் பானகத்துக்கு ஓடினீர்கள் என்றீர்களே, யார் காலாவது தாம்பாளத்தில் பட்டிருக்குமா?" என்றார். நான் கண்களை மூடி நினைத்துப் பார்த்தேன். கூடத்தின் நடுவில் தாம்பாளம். அடுக்களைக்கும் தந்தையார் படுத்திருந்த கட்டிலுக்கும் இடையே நாங்கள் ஐந்தாறு பேர் ஓடினோம். உலக்கை தானே சாய்ந்ததை எங்களுள் ஒருவரும் பார்க்கவில்லை. சாய்ந்து கிடந்ததைத்தான் பார்த்தோம்.

அன்று வீட்டுக்குச் சென்ற எனக்கு உறக்கம் வரவில்லை. சினம்தான் வந்தது. இவர்கள் என் ஊரை இகழ்கிறார்கள், என் தாயாரை இகழ்கிறார்கள் என்று தோன்றியது. சொந்த ஊரில் இருந்திருந்தால் அந்த நம்பிக்கையை நான் அவ்வளவு இறுகப் பற்றியிருக்க மாட்டேனோ என்னவோ. தொலைவில் இருப்பவர்களுக்கு ஊரிலிருந்து கொண்டுவந்தவை எல்லாம் ஒரே மூட்டைதான். அதற்குள் மொழியும் இருக்கும், உணவும் இருக்கும், உலக்கையும் இருக்கும். ஒன்றை எடுத்தால் மூட்டையே அவிழ்ந்துவிடும் என்று அஞ்சுகிறோம்.

ஆனால் நடந்ததை மீண்டும் எண்ணிப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. அவர்கள் என் தாயாரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. உலக்கையைப் பற்றித்தான் கேட்டார்கள். என்னை நோக்கி வந்த கேள்வி வேறு, என் கூற்றை நோக்கி வந்த கேள்வி வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவதே நான் கற்ற முதற்பாடம்.

அடுத்த வாரம் ஆய்வக உதவியாளர் தம் வீட்டிலிருந்து ஓர் உலக்கையைக் கொண்டுவந்தார். அவர்கள் அதனை 'மூசல்' என்கிறார்கள். அடியில் இரும்புப் பூண் போட்ட மரவுலக்கை அது. அன்று கிரகணமும் இல்லை, அமாவாசையும் இல்லை. ஆய்வக மேசைமீது தட்டை வைத்து ஒவ்வொருவராக முயன்றோம். பத்து முறை முயன்றதில் நான்கு முறை நின்றது. பழகப் பழகப் பொறுமையாக நிறுத்தியவர்களுக்கு மேலும் எளிதாக நின்றது. அடிப்பகுதி தட்டையாக இருந்து, எடையின் மையம் அந்த அடிப்பகுதிக்கு நேர்மேலே அமைந்துவிட்டால் உலக்கை நிற்கும், சிறிது விலகினால் சாயும் என்று இயற்பியல் ஆசிரியை வரைந்து காட்டினார். சூரியனும் நிலவும் ஒரே பக்கத்திலிருந்து இழுப்பதால்தான் நிற்கிறது என்பாரும் உளர். ஒவ்வோர் அமாவாசையன்றும் அவை ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. கிரகண நாளில் மிகவும் நேராக அமைகின்றன, அவ்வளவே.

"கிரகணத்தன்று எத்தனை வீடுகளில் உலக்கை நிற்காமல் விழுந்திருக்கும்? விழுந்த உலக்கையை யார் படம் எடுத்து அனுப்புவார்கள்?" என்று நூலகர் கேட்டார். நின்றவற்றை மட்டுமே நாம் காண்கிறோம், விழுந்தவை நம் கண்ணுக்கு வருவதில்லை என்பதும் அன்றுதான் எனக்கு உறைத்தது.

ஆயினும் மாணவர்களே, உண்மையைச் சொல்கிறேன். அன்றும் என் மனம் முழுதாக ஒப்பவில்லை. 'இது இவர்கள் ஊர் மூசல், எங்கள் பாட்டியின் உலக்கை வேறாக இருக்கலாம்' என்று மனத்தின் ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு நம்பிக்கை நம்மைவிட்டு ஒரே நாளில் போய்விடுவதில்லை.

அந்நாள்களில் என் கையில் மணிமேகலை இருந்தது. முதுகலைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மூடிவைத்த நூல். முப்பது காதைகளுள் இருபத்தேழாவது காதையை மீண்டும் படித்தேன். மணிமேகலை வஞ்சி மாநகருக்குச் செல்கிறாள். அவளுக்கு அது புதிய ஊர். மாதவ வடிவம் கொண்டு, அங்குள்ள பல சமயவாதிகளிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் வரும் அளவைவாதி, ஒன்றை அறிவதற்குரிய வழிகளைக் கூறுகிறான். அவ்வழிகளுக்கு 'அளவை' என்று பெயர். காண்டல், கருதல் எனத் தொடங்கிப் பத்து அளவைகள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் ஒன்று ஐதிகம். இந்த மரத்தில் பேய் உண்டு என்று ஊரார் வழிவழியாகச் சொல்வதைக் கொண்டு தெளிவது ஐதிகம்.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. என் உலக்கையும் ஐதிகம்தானே!

இருபத்தொன்பதாவது காதையில், காஞ்சி நகரில், அறவண அடிகள் மணிமேகலைக்கு விளக்குகிறார். நேரே காண்பதும், கண்டதைக் கொண்டு கருதி அறிவதும் ஆகிய இரண்டே அளவைகள், பிறவெல்லாம் கருதலுள் அடங்கும் என்கிறார். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு என்று அறிவதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு அடுக்களை. புகையும் நெருப்பும் சேர்ந்திருப்பதை நாம் நாள்தோறும் அங்கே காண்கிறோம். நெருப்பில்லாத இடத்தில் புகை எழுவதில்லை என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அந்த முறை. மேலும், சரியான காரணம்போலத் தோன்றி ஏமாற்றும் போலிகளையும் அவர் வகைவகையாகப் பிரித்துக் காட்டுகிறார்.

கிரகணம் உள்ள நாளில் உலக்கை நிற்பதைக் கண்டோம். கிரகணம் இல்லாத நாளில் நிற்கவில்லை என்பதைக் கண்டோமா? இயற்பியல் ஆசிரியை கேட்டதும் இதுவே. ஆராய்ந்து அறிவது அயலாரின் தொழில் என்று நான் எண்ணியிருந்தேன். என் கையிலிருந்த நூலே அதனைப் பன்னூறு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பத்து அளவைகளின் பெயர்களையும் ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு, அவற்றுள் ஒன்றைக்கூடப் பயன்படுத்தத் தெரிந்திருக்கவில்லை.

வட்டத்தில் நான் கேள்வி கேட்கும் நாளும் வந்தது. பிப்ரவரித் திங்களில் ஒரு சனிக்கிழமை, கணித ஆசிரியர் பேச்சுவாக்கில், "தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பிறவியிலேயே வரும்" என்றார். எல்லாரும் தலையசைத்தார்கள். எனக்கும் உள்ளூர மகிழ்ச்சிதான். ஆனால் அடுத்த நொடியில் என் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் முகம் கண்முன் வந்தது.

அவன் தந்தையார் திருச்சிராப்பள்ளியிலிருந்து தொழிற்சாலைப் பணிக்கு வந்தவர். பையன் கதைகளை மிக நன்றாகச் சொல்வான். கணக்கு அவனுக்குக் கடினம். கணக்கு விடைத்தாளைத் தமிழ்க் குறிப்பேட்டுக்குள் மடித்து ஒளித்துவைத்திருந்ததை ஒருநாள் நான் பார்த்துவிட்டேன். "தமிழனாக இருந்துமா இவ்வளவு குறைந்த மதிப்பெண் என்று கேட்கிறார்கள், அம்மா" என்றவன், சற்றுப் பொறுத்து, "நான் சரியான தமிழன் இல்லையா?" என்று கேட்டான். அன்று நான் அவன் தலையைத் தடவிக்கொடுத்தேனே தவிர, விடை சொல்லவில்லை.

அந்த விடையை வட்டத்தில் தேடலாம் என்று எழுந்தேன். கரும்பலகையின் மூலையைச் சுட்டி, "அது நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கணித ஆசிரியர் தாம் கற்பித்த திறமையான தமிழ் மாணவர்கள் நால்வரின் பெயர்களைச் சொன்னார். "திறமை குறைந்தவர்களின் பெயர்களும் சொல்லுங்கள்" என்றேன். அவருக்கு நினைவு வரவில்லை. நின்ற உலக்கைகளே படத்தில் இருக்கின்றன என்று எனக்குப் பட்டது.

பிறகு, எனக்குத் தெரிந்த அளவில் ஒன்றைச் சொன்னேன். போபாலுக்கு வந்திருக்கும் தமிழர் யார்? தேர்வெழுதியோ தொழில் பயின்றோ வேலை பெற்று, மாறுதலில் வந்தவர்கள்தாம் பெரும்பாலோர். அவர்கள் வீட்டில் படிப்புக்கு முதலிடம் இருக்கும். அவர்கள் பிள்ளைகளைத் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் எடுத்துக்காட்டாகக் கொள்ள முடியுமா? அதே தொழிற்சாலையில் அதே பணியில் இருக்கும் பிற மாநிலத்தார் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் அல்லவா உண்மை தெரியும்?

மதிப்பெண் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். தமிழ் மாணவர்கள் பதினேழு பேர் இருந்தார்கள். சிலர் மிக உயர்ந்த மதிப்பெண், பலர் நடுத்தரம், சிலர் குறைவு. அதே குடியிருப்பைச் சேர்ந்த பிற மாணவர்களின் மதிப்பெண்ணும் ஏறத்தாழ அவ்வாறே இருந்தது. "பதினேழு பேரைக் கொண்டு பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது. ஆனால் பிறவியிலேயே வரும் என்று சொல்லவும் நம்மிடம் சான்று இல்லை" என்றார் இயற்பியல் ஆசிரியை. கணித ஆசிரியர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "நான் அந்தப் பையனிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். மறுவாரம் முதல் உணவு இடைவேளையில் அவனைத் தம் அருகில் அமர்த்திக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.

நம்மை இகழும் கூற்றுக்குச் சான்று கேட்பது எளிது. நம்மைப் புகழும் கூற்றுக்கும் சான்று கேட்க வேண்டும் என்பது நான் கற்ற இரண்டாவது பாடம். அந்தப் புகழ்ச்சி ஒரு சிறுவனின் நெஞ்சில் எவ்வளவு பெரிய சுமையாக இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. கோடையில் ஊருக்குப் போகவும் இயலவில்லை. சூன் 21ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, மீண்டும் ஒரு சூரிய கிரகணம் வரவிருந்தது. இம்முறை வட இந்தியாவின் சில பகுதிகளில் வளையமாகவும், தமிழ்நாட்டில் ஒரு பகுதியளவாகவும் அது தோன்றும் என்றார்கள். முற்பகலில் தொடங்கிப் பிற்பகல் வரை நீடிக்கும். எனக்குத் தந்தையாரைப் பற்றிய கவலை வந்துவிட்டது. கடந்த முறை மூன்று மணி நேரப் பட்டினியே அவரைச் சாய்த்தது. இம்முறை காலையிலிருந்து பிற்பகல் வரை!

சூன் 20ஆம் நாள் காலை தாயாரைத் தொலைபேசியில் அழைத்தேன். நாளை அப்பாவைக் காலையிலேயே உண்ணச் செய்ய வேண்டும் என்றேன். மருத்துவரும் மாத்திரை போட்டால் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லியிருந்தார். தாயாருக்குக் கோபம் வந்துவிட்டது. "வடக்கே போனதும் நம்ம வழக்கமெல்லாம் உனக்கு மறந்துபோச்சா? போன தடவை அவரைக் கிரகணம் என்ன பாடு படுத்துச்சுன்னு நீயே பார்த்தியே!" என்றார்.

எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லி வாதாடியிருக்கலாம். எடையின் மையம், இரத்தச் சர்க்கரை, அளவை என்று அடுக்கியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் தாயார் தொலைபேசியை வைத்திருப்பார். என் மனத்தை மாற்றியது விளக்கம் அன்று, ஒரு கேள்விதான் என்பது எனக்கு நினைவிருந்தது.

"அம்மா, மறக்கலை. ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். நாளைக்கு வைக்கிற மாதிரியே, இன்னைக்கு ஒரு தடவை உலக்கையை நிறுத்திப் பாரும்மா. நின்னாலும் சொல்லு, நிக்கலைன்னாலும் சொல்லு."

தாயார் பதில் சொல்லாமல் தொலைபேசியை வைத்துவிட்டார். அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணி நேரத்தில் என் நெஞ்சு அடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் பாட்டியின் உலக்கை உண்மையிலேயே நிற்காவிட்டால், நான் என் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கும் அணியமாக இருந்தால்தான் நான் கேட்டது நேர்மையான கேள்வி ஆகும்.

தொலைபேசி ஒலித்தது.

"நிக்குது, தாயி" என்றார் தாயார். "போன கிரகணத்துல நின்ன மாதிரியே நிக்குது."

இருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

"இத்தனை வருசமா யாருமே வேற நாள்ல நிறுத்திப் பார்க்கலையே!" என்று அவரே தமக்குள் சொல்லிக்கொண்டார். அக்குரலில் வருத்தம் இல்லை. ஒரு வியப்பு இருந்தது. என் தாயார் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். எனக்கு ஒன்றரை ஆண்டும் இரண்டு நகரங்களும் தேவைப்பட்ட தெளிவை அவர் அரைமணி நேரத்தில், தம் கையாலேயே செய்து பார்த்து அடைந்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தந்தையார் நான்கு இட்டிலிகள் உண்டுவிட்டு மாத்திரை போட்டுக்கொண்டார். கிரகணத்தின்போது நலமாகவே இருந்தார். தாயார் தாம் வழக்கம்போல் நோன்பு இருந்து, கிரகணம் விட்டதும் குளித்துவிட்டு உண்டார். அதனை நான் மறுக்கவில்லை. அது அவருடைய மன அமைதிக்கு உரியது, யாருடைய உடல்நலத்துக்கும் கேடு செய்யாதது. தந்தையாரின் மாத்திரையும் உணவும் அப்படிப்பட்டவை அல்ல.

இந்த ஒரு நாளைக் கொண்டு எல்லாம் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது என்றும் நான் சொல்ல மாட்டேன். சொன்னால் இயற்பியல் ஆசிரியை, "ஒரு நாள் போதுமா?" என்று கேட்பார். கிரகணத்தைப் பற்றிய முன்னோர் எச்சரிக்கை எல்லாம் பொய் என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. கிரகணச் சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது என்பது மெய். பார்த்தால் விழித்திரை பழுதுபடும். ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியே எடுத்து ஆராய வேண்டும். மொத்தமாக ஏற்பதும் மொத்தமாகத் தள்ளுவதும் ஆராயாமை என்னும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்கள்.

நம் அரசமைப்புச் சட்டத்தில் 1976ஆம் ஆண்டு 42ஆம் திருத்தத்தின் வழியாகக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, அறிவியல் மனப்பான்மையையும் மனிதநேயத்தையும் ஆராய்ந்தறியும் உணர்வையும் வளர்ப்பது. ஆராய்ச்சியையும் மனிதநேயத்தையும் ஒரே தொடரில் வைத்திருக்கிறார்களே என்று முன்பு எனக்கு வியப்பாக இருக்கும். அந்த வங்காள ஆசிரியை மெல்லிய குரலில் கேட்ட கேள்வியை நினைக்கும்போது அதன் காரணம் விளங்குகிறது. அவர் எள்ளி நகைத்திருந்தால் நான் அந்த வட்டத்துக்கு மீண்டும் போயிருக்க மாட்டேன். என் தந்தையாரும் அடுத்த கிரகணத்தன்று பட்டினி கிடந்திருப்பார்.

அன்பு மாணவர்களே, நீங்களும் பிற மாநிலத்தில் வாழ்கிறீர்கள். வீட்டில் ஒரு வழக்கத்தையும் வெளியே வேறொரு வழக்கத்தையும் காண்கிறீர்கள். சில நாள்களில் இரண்டு இடத்திலும் அயலாராக உணர்வீர்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் எல்லாரும் தலையசைக்கும் இடத்தில் 'ஏன்?' என்று கேட்கும் வாய்ப்பு அயலாருக்குத்தான் முதலில் வருகிறது. அந்த வாய்ப்பைப் பிறர்மேல் எறியும் கல்லாக்கிக் கொள்ளாதீர்கள். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது தாத்தாவையும் பாட்டியையும் கேள்விகளால் மடக்காதீர்கள். முதற்கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்று உங்கள் குறிப்பேட்டில், நீங்கள் உறுதியாக நம்பும் ஒன்றை எழுதுங்கள். உங்களைப் பற்றியதாகவும் இருக்கலாம். 'எனக்குக் கணக்கு வராது' என்பதுகூட ஒரு கூற்றுதான். அதன் கீழே அந்த மூன்று வினாக்களையும் எழுதி விடை தேடுங்கள். விடை தெரியாவிட்டால் இடத்தை வெறுமையாக விட்டுவையுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

எங்கள் வீட்டு உலக்கை இப்போதும் அடுக்களை மூலையில்தான் சாய்ந்திருக்கிறது. சென்ற விடுமுறையில் நான் போயிருந்தபோது, அண்ணன் மகளை அழைத்து, "இதை நிறுத்திக் காட்டு பார்ப்போம்" என்றார் தாயார். அன்று கிரகணம் இல்லை. அவள் ஆறு முறை முயன்றாள். ஏழாம் முறை உலக்கை நின்றது.